பழைய அலுமினிய மோட்டார் படகை வீட்டிலேயே சீரமைப்பது: மும்பைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவி மும்பையில் எங்கள் ரோ ஹவுஸின் பக்கவாட்டுச் சந்தில் வைத்து, 14 அடி அலுமினியப் படகு ஒன்றை இரண்டு குளிர்காலங்களில் சீர்செய்து முடித்தேன். அப்புறம் செம்பூர், தானே, டோம்பிவிலி என்று மூன்று நண்பர்களின் படகுகளுக்கும் கூடமாட நின்றேன். அந்த மூவருமே வேலையின் வரிசையில்தான் தடுக்கினார்கள். கண்ணுக்குத் தெரிகிற பெயிண்டை முதலில் தொட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கசிவையும் உளுத்த மரத்தையும் கடைசிக்குத் தள்ளினார்கள். பிறகு அந்தப் புதுப் பெயிண்டையே சுரண்ட வேண்டியதாயிற்று.

"அண்ணே, தடிமனா நாலு கோட் அடிச்சா ஓட்டை தானா அடைஞ்சிடாதா?" என்று செம்பூர் தம்பி கேட்டார். அடையாது. படகு அலையில் நெளியும்போது, தகடுகளை இணைக்கும் ரிவெட் என்ற ஆணி தளர்ந்திருந்தால் அசையும், அதன்மேல் இருக்கும் பெயிண்ட் விரிந்துவிடும். கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் காகிதம். இயந்திரம் பூட்டி ஓடும் உள்நாட்டுப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். மகாராஷ்டிராவில் மாரிடைம் போர்டை அணுக வேண்டும். பழைய உரிமையாளரின் பதிவுச் சான்று, விற்பனை ரசீது, இன்ஜின் எண் மூன்றும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்து ஏரி என்பதாலேயே அங்கே மோட்டார் படகு விடலாம் என்று ஆகிவிடாது.

அடுத்து டிரான்சம். இன்ஜின் மாட்டும் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பெயர். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அல்லது தகட்டின் உள்பக்கம் ஒட்டு மரம் இருக்கும். அங்கே வெளிப்பக்கம் தொங்கும் அவுட்போர்டு இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுவரும் சேர்ந்து வளைந்தால் மரம் உளுத்துவிட்டது. இதற்காகப் படகை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்த இடங்களை ஒரு ஊசிமுனையால் குத்திப் பாருங்கள். குழி ஆழமில்லை என்றால் சரி. ஊசி உள்ளே இறங்கினால் அங்கே தகடு மாற்ற வேண்டியிருக்கும். இருட்டிய பிறகு படகுக்குள் டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தால் ஊசித்துளைகள் நட்சத்திரம் போலத் தெரியும். கைப்பிடி அளவுக்கு மேல் துளைகள் தெரிந்தால் வேறு படகு பாருங்கள்.

2. இடமும் மாதமும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் சொசைட்டி செக்ரட்டரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரிவெட் அடிக்கும் சத்தம் நாலு மாடிக்குக் கேட்கும். பகல் 11 முதல் 4 வரைதான் அடிப்பேன் என்று முன்பே எழுதிக் கொடுத்தால் பாதி மனக்கசப்பு குறையும். தரைத்தள கார் நிறுத்துமிடத்தில் சத்தவேலை செய்யலாம். ஆனால் பெயிண்ட் வேலைக்குக் காற்றோட்டமான திறந்த இடம் வேண்டும்.

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில் விலகுகிறது. அந்த நாலு மாதமும் காற்றில் ஈரம் நிற்கும், பெயிண்டும் எபாக்சி பசையும் சரியாக இறுகாது. ஆயுத பூஜை முடிந்ததும் பிரிக்க ஆரம்பியுங்கள். பொங்கலுக்குள் கசிவு வேலையும் மரவேலையும் முடியட்டும். மாசியில் பெயிண்ட், பங்குனி சித்திரையில் தரை, ஒயரிங், இன்ஜின். ஒரு படி தள்ளிப்போனால் அடுத்த குளிருக்கு ஒத்திவையுங்கள். மே கடைசியில் அவசரமாக அடித்த பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

3. கையில் இருக்க வேண்டிய பொருள்கள்

ரிவெட், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணிகள், டிரில் பிட் எல்லாவற்றுக்கும் நாக்தேவி தெரு. ஒயர், ஃபியூஸ், சுவிட்சுக்கு லோஹார் சால். பழைய கப்பல் சாமான்கள், கொக்கி, கயிறுகட்டை வேண்டுமென்றால் ரே ரோடு பக்கம் தாருகானா.

ஸ்டீல் ஆணியில் 316 தரம் கேளுங்கள். 304 நல்ல தண்ணீருக்குப் போதும், தானே கழிமுகத்தின் உப்புக்குப் போதாது. பித்தளை, செம்பு, சாதாரண இரும்பு ஆணி எதையும் வாங்காதீர்கள். அலுமினியத்தோடு வேறு உலோகம் ஒட்டி, நடுவே உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி போல வேலை நடக்கும். அதில் கரைந்து போவது அலுமினியம்தான். ஸ்டீல் ஆணியும் இதே வேலையைச் செய்யும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷரும் சீலன்ட்டும் (கசிவடைக்கும் பசை) சேர்த்துத்தான் போட வேண்டும்.

இரும்புக் கம்பி பிரஷ் இந்த வேலைக்கு ஆகாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயிண்டுக்கு அடியில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் அல்லது நைலான் பிரஷ் வாங்குங்கள். இரும்பு தேய்த்த கிரைண்டர் வட்டை அலுமினியத்தில் வைக்காதீர்கள். அளவு குறிக்கப் பென்சிலும் வேண்டாம். பென்சிலின் கிராஃபைட் கோடு வழியாகவும் அரிப்பு பிடிக்கும். மார்க்கர் பேனா போதும்.

4. முழுவதும் காலி செய்வது

இருக்கை, தரைப்பலகை, ஒயர், டேங்க், இன்ஜின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். உளுத்த டிரான்சம் மரத்தை உடைத்து எடுக்கக் கூடாது. எத்தனை மோசமாக இருந்தாலும் உருவம் கலையாமல் உருவி எடுங்கள், புது மரத்துக்கு அதுதான் அச்சு.

தரைக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பது அதனால்தான். பழைய படகில் அது ஈரத்தைக் குடித்து ஊறியிருக்கும். 28 லிட்டர் அளவுள்ள காய்ந்த நுரை சுமார் ஒரு கிலோதான் இருக்க வேண்டும். தூக்கும்போது கனத்தால் தூக்கிப் போடுங்கள். எடுத்த நுரையின் மொத்த அளவை எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் குறையாமல் திரும்பப் போட வேண்டும்.

டோம்பிவிலி நண்பர் நுரையை அப்படியே விட்டுவிட்டுக் கசிவு தேடினார். நுரை தண்ணீரைப் பிடித்து வைத்து வேறு இடத்தில் விட்டது. நல்ல ரிவெட்டுகளைத் தட்டிக்கொண்டே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

5. தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்ப்பது

பெயிண்டைச் சுரண்டும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பழைய பெயிண்டின் நிறத்தில் ஈரக்கோடு நன்றாகத் தெரியும், குறி வைப்பதும் எளிது.

படகைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே வரும் தண்ணீர் அடியில் ஓடி எங்கோ தேங்கும், வந்த வழி தெரியாது. அதனால் படகுக்கு உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் படுத்துப் பாருங்கள். சொட்டும் இடம்தான் ஓட்டை.

ஆனால் எடையை மறக்காதீர்கள். 14 அடிப் படகில் 10 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினாலே 400 முதல் 500 கிலோ வரும். அடித்தண்டின் நீளத்துக்கும் இரண்டு பக்க விளிம்புகளுக்கும் மரக்கட்டை, பழைய டயர் என்று நெருக்கமாக முட்டுக் கொடுங்கள். முட்டு சரியில்லாமல் நிரம்ப ஊற்றினால் நல்ல தையலும் (தகடுகள் சேரும் இணைப்பு) பிளந்துவிடும். அடியில் போவதற்கு முன் முட்டுகளை ஒருமுறை உதைத்துப் பாருங்கள். தண்ணீரை முன்பக்கம் கொஞ்ச நேரம், பின்பக்கம் கொஞ்ச நேரம் நிற்கும்படி படகைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சொட்டும் ரிவெட்டைச் சுற்றி வட்டம், கசியும் தையலுக்குக் கோடு, விரிசலுக்குப் பெருக்கல் குறி. ஒரு மணி நேரம் பொறுங்கள், மெல்லக் கசிபவை அப்போதுதான் வெளிப்படும். டேங்கர் தண்ணீர் வாங்கும் சொசைட்டியாக இருந்தால் அதே தண்ணீரை வடித்துப் பின்னால் படகைக் கழுவப் பயன்படுத்துங்கள்.

6. விரிசலும் வெல்டிங்கும்

பற்றவைக்கும் வேலை இருந்தால் இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள். மரம், நுரை, சீலன்ட், பெட்ரோல் டேங்க் எதுவும் படகில் இருக்கக் கூடாது. சூட்டில் அவை எரியும், நச்சுப்புகை வரும்.

இதைத் தெரிந்த ஆர்கான் வெல்டரிடம் விடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன்மேல் இருக்கும் ஆக்சைடு படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மேலே படலம் அசையாமல் இருக்கும்போதே அடியில் தகடு ஓட்டையாகிவிடும். படகுத் தகடுகள் பெரும்பாலும் மக்னீசியம் கலந்த 5000 வரிசை. அதற்கு 5356 கம்பி போடச் சொல்லுங்கள்.

மெல்லிய தகட்டில் சின்ன விரிசல் என்றால் வெல்டிங்கைவிட ஒட்டுத்தகட்டையே நான் விரும்புவேன். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேலே ஓடாமல் நிற்கும். மூலைகளை வட்டமாக்கிய 5052 தகட்டை உள்பக்கம் சீலன்ட் தடவி வைத்து ரிவெட் அடியுங்கள். குழாய்க் கசிவுக்கு வைக்கும் பசை உருண்டையை வைத்து அடைக்காதீர்கள். படகு நெளியும், அது நெளியாது. ஒரே சவாரியில் உதிர்ந்துவிடும்.

7. ரிவெட் வேலை

இங்கேதான் பொறுமை வேண்டும். என் படகில் 43 ரிவெட்டுகளுக்கு வட்டம் போட்டிருந்தேன். அவற்றில் மாற்ற வேண்டியிருந்தவை பதினொன்று மட்டுமே. மற்றவை மீண்டும் இறுக்கினதிலேயே நின்றுவிட்டன.

இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ரிவெட்டின் தலைமேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே வாலில் சுத்தியலால் தட்ட வேண்டும். கட்டி தலையோடு ஒட்டியிருப்பதுதான் முக்கியம். இடைவெளி இருந்தால் அடி முழுவதும் தகட்டுக்குப் போய்ப் பள்ளம் விழும். மூன்று நான்கு உறுதியான அடி போதும். தட்டிக்கொண்டே இருந்தால் அலுமினியம் கடினப்பட்டு வால் வெடிக்கும். காதடைப்பான் இருவருக்கும் கட்டாயம்.

ஒன்றை இறுக்கினால் பக்கத்தில் இருப்பது தளரலாம். அதனால் குறி வைத்ததோடு அதன் இரண்டு பக்கத்து ரிவெட்டுகளையும் ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.

தலை தேய்ந்தது, ஆடுவது, வால் வெடித்தது ஆகியவற்றை மாற்ற வேண்டும். தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, ரிவெட்டின் விட்டத்துக்கே சமமான பிட்டால் தலை ஆழம் மட்டும் துளைத்து, தலையைத் தட்டி எடுத்து, மிச்சத்தை உள்பக்கம் தள்ளுங்கள். துளை பெரிதாகிவிட்டால் ஒரு அளவு கூடின ரிவெட்டுக்குப் போக வேண்டியதுதான். புது ரிவெட் தகடுகளைத் தாண்டி விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு ஏறக்குறைய 7 மி.மீ. இதைவிடக் குறைந்தால் வால் பிடிக்காது, கூடினால் வளைந்து மடங்கும்.

இரண்டு பேர் எட்ட முடியாத மூலைக்குப் பாப் ரிவெட் போடலாம். ஆனால் கடையில் முதலில் எடுத்துத் தரும் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே ஓட்டை இருக்கும், உள்ளே இரும்புத் தண்டும் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அது இன்னொரு கசிவு. முனை மூடியது, தண்டும் அலுமினியமே என்று கேட்டு வாங்கி, சீலன்ட்டில் தோய்த்து அடியுங்கள்.

முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சோம்பல் படாதீர்கள், இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் பெயிண்ட் அடித்த பிறகு அழுதார்கள்.

8. தையலை உள்ளிருந்து அடைப்பது

சிலிகான் வேண்டாம். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது, எடுத்த பிறகும் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். தானே நண்பரின் படகில் முந்தைய உரிமையாளர் தையல் முழுக்க சிலிகான் பூசியிருந்தார். அதைச் சுத்தம் செய்ய எடுத்த நாட்கள் ரிவெட் வேலைக்கு எடுத்ததைவிட அதிகம்.

உள்பக்கத் தையலில் பெயிண்டையும் அழுக்கையும் நீக்கி, அசிட்டோனால் துடைத்து, நெகிழ்வான மரைன் எபாக்சியைத் தூரிகையால் ஓட்டுங்கள். பூசும் முன் ஹேர் டிரையரால் தகட்டை இளஞ்சூடாக்கினால் எபாக்சி இளகித் தையல் இடுக்கில் தானே இறங்கும். எபாக்சியை 100 கிராம் அளவில்தான் கலக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் பெரிய டப்பாவில் கலந்தால் பூசுவதற்குள் புகைந்து கல்லாகிவிடும். ஆணித்துளைகளுக்கும் பொருத்துகளுக்கும் சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியுரேதேன் மரைன் சீலன்ட்.

9. டிரான்சம் மரம்

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் நிற்க வேண்டும். முத்திரை போலியாகவும் இருக்கலாம். ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் பழைய பாத்திரத்தில் ஒரு பகல் கொதிக்கவிட்டு, அடுக்கு பிரிகிறதா என்று பாருங்கள்.

பழைய மரத்தின் தடிமனை மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். என்னுடையதற்கு 18 மி.மீ. பலகை இரண்டைக் கெட்டியாக்கிய எபாக்சியால் ஒட்டியது சரியாக வந்தது. பழைய மரத்தை மேலே வைத்து வரைந்து வெட்டி, விளிம்புகளை உருட்டுங்கள். கூர் விளிம்பில் எபாக்சி தங்காது.

கரையானுக்காகச் சில பலகைகளில் செம்பு கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அது நேராக அலுமினியத்தில் பட்டால் தகட்டை அரிக்கும். எந்தப் பலகையானாலும் ஆறு பக்கமும் மூன்று கோட் எபாக்சி அடியுங்கள். வெட்டுமுகம் அதிகம் குடிக்கும், அங்கே நான்கு.

ஆணித்துளையில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். எபாக்சி பூசிய மரத்தில் துளை போட்டதும் உள்ளே பூச்சில்லாத மரம் திறந்துவிடுகிறது. தேவையான அளவைவிட 5 மி.மீ. பெரிய துளை போட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான துளை போடுங்கள். ஆணி எபாக்சிக்குள்ளேயே நிற்கும், தண்ணீர் மரத்தைத் தொடாது. மரம் உட்காரும் அலுமினியப் பரப்புக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டுத்தான் மரத்தைப் பொருத்த வேண்டும், அப்புறம் அங்கே கை போகாது.

10. பெயிண்ட்

பழைய பெயிண்டில் ஈயமோ, மஞ்சள் பச்சை நிறத்தில் குரோமேட்டோ இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், கழிவைத் துணியில் பிடித்துக் கட்டி வையுங்கள். காஸ்டிக் சோடா கலந்த பெயிண்ட் நீக்கி வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்தையே தின்னும், எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளியே வரும்.

பளபளக்கும் அலுமினியத்தில் எதுவும் ஒட்டாது. தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கழுவி, கறை துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். இரவு தாண்டினால் ஆக்சைடு படலம் தடித்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். அதனால் ஒரு நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள்.

அமிலம் கலந்த வாஷ் பிரைமரின் மேல் சில எபாக்சி பிரைமர்கள் ஒட்டுவதில்லை. ஒரே கம்பெனியின் பிரைமர், மேல்கோட் இரண்டையும் அவர்கள் சொல்லும் வரிசையில் வாங்குங்கள், கலக்காதீர்கள். மாசிக் காலையில் தகட்டில் பனி பூத்திருக்கும். பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள்.

இரண்டு பாகப் பாலியுரேதேன் மேல்கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. வீட்டில் அதை ஸ்பிரே செய்யாதீர்கள், நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். ரோலரால் உருட்டி, தூரிகை நுனியால் தடவினாலே கண்ணாடி போல வரும். பாசி பிடிக்காமல் இருக்க அடியில் பூசும் பெயிண்டில் செம்பு கலந்தது அலுமினியத்துக்கு விஷம். டப்பாவில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். துத்தநாக அல்லது அலுமினிய அனோடு கட்டிகளின் மேல் பெயிண்ட் படக் கூடாது. படகுக்குப் பதில் அவைதான் கரைய வேண்டும்.

11. நுரையும் தரையும்

தெர்மோகோல் காலப்போக்கில் தண்ணீர் குடிக்கும். எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்த்தியான நுரைப்பலகையை வெட்டி அடுக்குங்கள். அடியில் தண்ணீர் ஓட இரண்டு விரல் சந்து விடுங்கள். பெட்ரோல் பட்டால் இதுவும் கரையும், டேங்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தரைக்கு 12 மி.மீ. மரைன் பிளை, எபாக்சி பூசி. பின்னால் நுரையைப் பார்க்க முடிய வேண்டும் என்பதால் தரையை ஒட்டாமல் ஆணி போட்டு நிறுத்துங்கள்.

12. ஒயரிங்

கார் மாதிரி உடலையே நெகட்டிவாகப் பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் அலுமினியம் வழியாகப் போனால் தகடு வேகமாக அரிக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு ஒயர் பேட்டரிவரை போகட்டும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் நல்லது. பேட்டரி பாசிட்டிவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். சீவிய செம்புத் துணுக்குகளைப் படகின் அடியில் விழவிடாதீர்கள், விழுந்த இடத்தில் குழி விழும். வேலை முடிந்ததும் வேக்குவம் போடுங்கள்.

13. இன்ஜினும் முதல் சவாரியும்

தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் பெட்ரோல் குழாய்களையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று சேருங்கள். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் இன்ஜினை ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், பெரிய டிரம்மில் கீழ்ப்பகுதி மூழ்கும்படி வைத்து ஓட்டுங்கள்.

முதல் நாள் இன்ஜின் மாட்டாமல் கரையோரம் இறக்கி, கயிற்றில் கட்டி, இரண்டு மணி நேரம் மிதக்கவிடுங்கள். உள்ளே வறண்டிருந்தால் இன்ஜின் மாட்டி, லைஃப் ஜாக்கெட் போட்டு, கரையை விட்டு விலகாமல் மெதுவாக ஓட்டுங்கள். திரும்பியதும் படகின் வடிகால் துளையில் இருக்கும் அடைப்பானைக் கழற்றி எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள், டிரான்சம் ஆணிகளை ஒரு சுற்று இறுக்குங்கள். பிறகு படகையும் இன்ஜினையும் நல்ல தண்ணீரால் அலசி, அடைப்பானைக் கழற்றியபடியே, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள்.